திருவிருந்து: ஒரே பாத்திரமா, தனிக் கிண்ணங்களா?

"நீங்கள் எல்லாரும் இதிலே பானம்பண்ணுங்கள்" என்ற இயேசுவின் வசனத்துக்கு நேராகப் பொருந்துவது, திருவிருந்தில் (அவரது கடைசி இரா உணவை நினைத்து அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் கிறிஸ்தவ ஆராதனையில்) எல்லாரும் ரசம் பருகும் பொதுப் பாத்திரம். ஆங்கிலிக்கன் மரபில் வந்த சபைகளின் பழைய வழக்கமும் அதுவே. தனிக் கிண்ணங்கள், கிருமிகளைப் பற்றிய அறிவு பரவிய 1890களில் அமெரிக்க புராட்டஸ்டன்ட் சபைகளில் தொடங்கியவை.

பாத்திரத்தில் எல்லாமே துடைப்பதைப் பொறுத்தது. ஒருவர் பருகியதும் விளிம்பின் உள்ளும் புறமும் துடைத்து, பாத்திரத்தைச் சற்றுத் திருப்பி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். துணியின் ஈரமான இடத்தாலேயே திரும்பத் திரும்பத் துடைத்தால் துடைத்ததில் பயனில்லை. பாத்திரத்தின் வெள்ளியும் ரசத்திலுள்ள 12 சதவீத ஆல்கஹாலும் கிருமியைக் கொன்றுவிடும் என்பது வெறும் நம்பிக்கை. அப்பத்தை ரசத்தில் தோய்த்துக் கொடுப்பதும் முழுத் தீர்வல்ல. அவரவரே தோய்த்தால் விரல் நுனியும் ரசத்தில் படும்.

தனிக் கிண்ணத்துக்கு வேலை அதிகம். 40 குழித் தட்டு, கிண்ணத்துக்கு 7 மி.லி. என்றால் தட்டுக்கு 280 மி.லி.; 200 பேருக்கு 5 தட்டுகள், ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். விளிம்புவரை ஊற்றினால் கைமாறும்போது சிந்தும். புளிக்காத திராட்சைச் சாறானால் அன்று காலையில்தான் ஊற்ற வேண்டும். முந்தைய இரவே ஊற்றி வெளியே வைத்தால் புளிக்கத் தொடங்கலாம்.

மிச்சத்தில்தான் உண்மையான சிக்கல். பாத்திரத்தில் மீந்ததை ஆயர் ஆராதனை முடிந்ததும் பருகிவிடலாம், நீர் விட்டு அலசி அதையும் குடித்துவிடலாம். 200 கிண்ணங்களின் அடியில் ஒட்டிய துளிகளை என்ன செய்வது? பிளாஸ்டிக் கிண்ணத்தை அப்படியே குப்பையில் போடுவது, பிரதிஷ்டை செய்த (ஜெபித்துப் புனிதமாக்கிய) ரசத்தைப் பற்றிச் சபை போதிப்பதோடு முரண்படும். கண்ணாடிக் கிண்ணமானால் முதல் அலசல் நீரைச் செடியடியில் மண்ணில் ஊற்றலாம்.

சளி, காய்ச்சல் காலத்தில் தனிக் கிண்ணமே சரி. மற்ற நாட்களில், துடைக்கத் தெரிந்த உதவியாளர் இருந்தால் பாத்திரம்.