கறள் பிடித்த திருகும் நானும்: பல வருடப் பாவனைக்குப் பிறகு

மட்டக்களப்பில் எங்கள் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. கேட் பிணைச்சலில் இருந்து வாட்டர் பம்ப் வரை எதையும் உப்புக்காற்று விட்டுவைக்காது. வீட்டுப் பம்பையும் மச்சானின் வள்ளத்து எஞ்சினையும் பல வருடமாக நான்தான் கழற்றிப் பூட்டுகிறேன். இறுகிப்போன திருகை உடைக்காமல் எடுக்க ஆளாளுக்குச் சொல்லும் வழிகளில் அநேகமானவற்றைப் பாவித்துப் பார்த்தாயிற்று. என் முடிவு இதுதான்: எண்ணெயை விடத் தட்டுதல் பெரிது, தட்டுவதை விடத் திருகின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூட்ரைவர் பெரிது.

எண்ணெய் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எல்லாருக்கும் தெரிந்த டபிள்யூடி-40, 1953 இல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டிக் கறளைத் தடுக்க உருவானது. மாரியில் நனைந்த பம்பைத் துடைக்க அது நல்ல சாமான். இறுகிய போல்ட் வேறு வேலை. அதற்கு அசிட்டோனையும் ஏடிஎஃப் எனும் ஓட்டோ கியர் எண்ணெயையும் சம அளவில் கலந்து, குலுக்கி, சொட்டுச் சொட்டாக விட்டு இரவு முழுக்க விடுகிறேன். நன்றாக ஊறும். ஆனால் பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் தின்னும், நெருப்பும் சட்டென்று பிடிக்கும். அது காயாமல் பக்கத்தில் தீக்குச்சியே வேண்டாம்.

தட்டுகிற கலையை நான் எடுத்தது துப்பாக்கி திருத்துபவர்களிடம் இருந்து. ரிவால்வரின் உட்பாகங்களை மூடும் பக்கத்தகடு சட்டத்தோடு இடைவெளியே தெரியாமல் பொருந்தியிருக்கும். ஓரத்தில் எதையாவது செருகி நெம்பினால் விளிம்பு பிதுங்கிவிடும், அப்புறம் அந்தத் தகடு ஒழுங்காக உட்காராது. ஆகவே தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, திருகுகளைக் கழற்றிவிட்டு, கைப்பிடிச் சட்டத்தை மரக்கட்டையாலோ நைலோன் சுத்தியலாலோ மெதுவாகத் தட்டுவார்கள். அதிர்விலேயே தகடு தானாக எழும்பி வரும். எங்கள் ஊரில் ரிவால்வருக்கு எங்கே போவது! ஆனால் கேஸ்கட்டோடு ஒட்டிப்போன பம்ப் மூடிக்கும் இதே வைத்தியம்தான். போல்ட்டை எல்லாம் எடுத்துவிட்டு, மூடியைச் சுற்றி மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். உளி வைத்து நெம்பிய மூடிகள் பிறகு ஒழுகுவதை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம்.

துப்பாக்கி திருத்துபவர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. கடையில் வாங்கும் தட்டை ஸ்குரூட்ரைவரின் முனை ஆப்பு மாதிரிச் சரிந்திருக்கும், பலம் கொடுத்ததும் மேலே ஏறித் திருகுத் தலையின் வெட்டைச் சிதைக்கும். அவர்கள் பாவிப்பதில் முனையின் இரு பக்கமும் நேராக இருக்கும், வெட்டு முழுக்க நிரம்பும். நான் பழைய ஸ்குரூட்ரைவர்களை அரத்தால் ராவி அப்படி ஆக்கி வைத்திருக்கிறேன். கூட்டல் குறித் திருகு என்றால் தலையில் சின்னப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஜேஐஎஸ் எனும் ஜப்பான் தர வகை, ஜப்பான் எஞ்சின்களில் நிறைய வரும். சாதாரண பிலிப்ஸ் கூட்டல் குறி ஸ்குரூட்ரைவர் அதன் அடிவரை இறங்காமல் வழுக்கும். தலை ஏற்கெனவே தேய்ந்திருந்தால் எஞ்சின் வால்வ் தேய்க்கும் சொரசொரப்பான பேஸ்ட்டை முனையில் கொஞ்சம் தடவலாம், பிடிமானம் கூடும். சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்றும் வாங்கினேன். கொடுத்த காசுக்கு மோசமில்லை.

மச்சானின் எஞ்சின்தான் பெரிய தலையிடி. அலுமினிய உடம்பில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட், நடுவில் உப்புத்தண்ணீர். இரண்டு உலோகமும் சேர்ந்து அலுமினியம் அரிபட்டு, வெள்ளைத் தூள் புரியை அடைத்துவிடும். இங்கே சூடுதான் கைகொடுக்கும். அலுமினியம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை விடக் கூடுதலாக விரியும், அதனால் போல்ட்டை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள உடம்பைச் சூடாக்க வேண்டும். பெற்றோல் டாங்கைக் கழற்றித் தூர வைத்துவிட்டுக் கேத்தலில் கொதித்த தண்ணீரை ஊற்றுகிறேன். கேஸ் டோர்ச் வேண்டாம், சீல் எல்லாம் கருகிவிடும். சூட்டோடு மெழுகுதிரியைப் போல்ட் ஓரத்தில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இறங்கும். திருப்பும்போது முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கம், பிறகு கழற்றும் பக்கம், இப்படி மாறி மாறி.

இத்தனைக்கும் தலை முறிந்தால், முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பண்ணித் திருப்பும் வழி இருக்கிறது. அது பழகிய கையின் வேலை. நான் லேத் கடைக்குக் கொண்டுபோய்விடுவேன். திரும்பப் பூட்டும்போது புரியில் தண்ணீர் புகாத மெரீன் கிரீஸ் பூசுகிறேன், செம்புத்தூள் கலந்ததை அலுமினியத்தில் பூசுவதில்லை. மச்சானும் கடலால் வந்தவுடன் எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவப் பழகிவிட்டார்.