‘சீசர்’ என்னும் சொல்லை வைத்து ஒரு சொற்பிறப்புச் செயலியை எடைபோட்டபோது

சொற்களின் வரலாற்றை வரைபடமாகக் காட்டும் கைபேசிச் செயலி ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டி, ஒரு மாதமாகப் பயன்படுத்தி வருகிறேன். இத்தகைய அகராதி எதுவானாலும் நான் முதலில் தேடிப் பார்க்கும் சொல் ‘சீசர்’. ஜூலியஸ் சீசரின் குடும்பப் பெயராக இருந்து, அவருக்குப் பின் ரோமை ஆண்டவர்கள் சூடிக்கொண்டதால் பட்டமாகிவிட்ட சொல் அது.

செயலியில் அச்சொல்லுக்கான பக்கம் உண்மையிலேயே அருமை. லத்தீன் வடிவத்தைத் தொட்டால், முதலில் ககரமும் அடுத்து ஐகாரமுமாக அதன் பழைய ஒலிப்பு கேட்கிறது. ஜெர்மானியர் மிக முற்காலத்திலேயே இரவல் வாங்கியதால்தான் அந்தக் ககரம் இன்றைய ஜெர்மனின் ‘கைசர்’ வரை தேயாமல் நிற்கிறது என்பதும், ஸ்லாவிய மொழிகளில் அதே ககரம் ‘த்ஸ’ எனத் திரிந்து, சொல்லின் நடுப்பகுதியும் தேய்ந்து, 1547இல் நான்காம் இவான் முடிசூடிய ‘த்ஸார்’ பட்டமாக, அதாவது நாம் ‘ஜார்’ என்று எழுதும் சொல்லாக வந்து நின்றது என்பதும் அடுத்தடுத்த ஒலிப்பதிவுகளில் காதுக்கே புலப்படுகின்றன.

கிழக்கே திரும்பினால் ஏமாற்றம்தான். வரைபடம் பாரசீகத்தோடு நின்றுவிடுகிறது. இன்றைய பாகிஸ்தானில் உள்ள அட்டோக்குக்கு அருகே கிடைத்த ஆரா கல்வெட்டில், கனிஷ்கன் என்னும் குஷாண அரசனுக்கு மகாராஜா, ராஜாதிராஜா, தேவபுத்திரன் ஆகியவற்றோடு ‘கைசர’ என்ற பட்டமும் இருப்பதாக அறிஞர்கள் படித்திருக்கிறார்கள். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1877இல் விக்டோரியாவுக்குத் தில்லி தர்பாரில் அறிவிக்கப்பட்ட ‘கைசர்-இ-ஹிந்த்’ பட்டத்தையும் காணோம்.

இவை விடுபட்டவை மட்டுமே; பிழை வேறிடத்தில் இருக்கிறது. அரசனைக் குறிக்கும் லத்தீன் ‘ரெக்ஸ்’ என்பதிலிருந்து சமஸ்கிருத ‘ராஜா’வுக்கு இரவல் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். அவ்விரண்டும் ஒரே மூதாதை மொழியிலிருந்து தனித்தனியே வந்த உடன்பிறப்புகள். ஒன்று மற்றொன்றிடம் கடன் வாங்கவில்லை. தாய்வழிச் சொத்தையும் கைமாற்றையும் ஒரே கணக்கில் எழுதலாமா?

தமிழ்ப் பகுதியில் ‘சீசர்’ மட்டுமே உள்ளது. பழைய தமிழ் விவிலியம் சீசரை ‘இராயன்’ என்றே அழைத்தது. அந்த இராயனும் ராஜாவின் பிராகிருத வடிவத்தின் வழியே வந்தவன்தான். இதையும் சேர்த்து எழுதி அனுப்பினேன். இயந்திரம் எழுதிய நன்றிக் கடிதம்தான் வந்தது. ஒலிப்பதிவுகளுக்காகவே சந்தாவைத் தொடரலாம் என்று தோன்றுகிறது. ஆனால் பணம் கட்டுவதற்கு முன், அந்த அம்புக்குறி நீங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.