பிசாக்கா, ஓயந்தாய்தாம்போவா? ஒரு நாள்தான் இருக்குன்னா எங்க போறது

பெரு போறவங்க நிறைய பேர் மாச்சு பிச்சுக்கு மட்டும் பாத்து பாத்து பிளான் போட்டுட்டு, 'புனிதப் பள்ளத்தாக்கு'ன்னு சொல்ற குஸ்கோ பக்கத்து ஆத்துப் பள்ளத்தாக்க டூர் பஸ்ல ஓட்டமா ஓடி முடிச்சிடறாங்க, எனக்கு அது மனசே ஆறல. அங்க பிசாக், ஓயந்தாய்தாம்போ ரெண்டுலயும் மேல இன்கா (ஸ்பானிஷ்காரங்க வர்றதுக்கு முன்னாடி அங்க ஆண்டவங்க) இடிபாடு, கீழ ஊரு. ஒண்ணுதான் பாக்க முடியும்னா நான் பிசாக்னுதான் சொல்வேன்.

பக்கத்து நகரமான குஸ்கோலேர்ந்து பிசாக் ஒரு 33 கிலோமீட்டர், கொலெக்டிவோன்னு ஷேர் வேன் ஓடுது. ஊர்ல இறங்கினதும் டாக்ஸி புடிச்சு மேல கேட்டுக்கே போயிடுங்க, அங்கேர்ந்து நடந்து இறங்குங்க, தயவுசெஞ்சு ஏறாதீங்க, அந்த உயரத்துல பத்து படிக்கே மூச்சு வாங்கும். போற வழியில எதிர்ச்சரிவு பூரா ஓட்டை ஓட்டையா தெரியும், அத்தனையும் இன்கா சமாதிங்க, புதையல் தேடினவங்க நோண்டி வெச்சது, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. கொஞ்சம் தள்ளி இன்டிவாட்டானா கோயில், சாந்தே இல்லாம கல்லோட கல் ஒட்டி நிக்குது. அப்புறம் படிக்கட்டு வயல் ஓரமாவே முட்டி நடுங்க இறங்கினா பாதை ஊருக்குள்ள விட்டுடும், அங்கேர்ந்து சந்தை ரெண்டு நிமிஷம். மேல பாத்த மலையும் கீழ இருக்கற ஜனங்களும் ஒண்ணுதான்னு அந்த நடையிலதான் எனக்குப் புரிஞ்சுது.

சந்தை இப்ப தினமும் இருக்கு, ஆனா ஞாயித்துக்கிழமை போங்க, சுத்துப்பட்டு ஊர்லேர்ந்து கெச்சுவாங்கற அந்த மலை ஜனங்க மொழி பேசறவங்க காய், கிழங்கு, சோளம்னு கொண்டுவந்து தரையில விரிச்சிருப்பாங்க. ஒரு நெசவுக்கார அம்மா கள்ளிச்செடியில இருக்கற கொச்சினீல் பூச்சிய உள்ளங்கையில வெச்சு நசுக்கினாங்க, ரத்தச் சிவப்பு, அதுல ரெண்டு சொட்டு எலுமிச்சை விட்டதும் கண்ணு முன்னாடியே ஆரஞ்சா மாறிடுச்சு. அவங்ககிட்டயே ஒரு துண்டு வாங்கினேன். 'பேபி அல்பாக்கா'ன்னு (அல்பாக்காங்கற மலை மிருகத்தோட மெல்லிசு கம்பளி) சல்லிசா குடுக்கறத மட்டும் நம்பாதீங்க, பெரும்பாலும் அக்ரிலிக் கலந்ததுதான்.

இப்ப ஓயந்தாய்தாம்போ. கல் வேலைன்னு மட்டும் பாத்தா இதுதான் மேல, அத நான் ஒத்துக்கறேன். உச்சியில ஆறு ராட்சசக் கல் வரிசையா நிக்குது, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒல்லியா பட்டை மாதிரி ஒரு கல் சொருகி இருக்காங்க, கிட்ட போய் பாருங்க. அந்தக் கல்லெல்லாம் ஆத்துக்கு அந்தாண்ட மலையிலேர்ந்து வந்தது, வழியிலயே விட்டுட்ட கல்லுங்க இன்னும் கிடக்கு, 'களைச்சுப்போன கல்'லுன்னு அந்த ஊர்ல சொல்றாங்க. 1537ல மான்கோ இன்காங்கற இன்கா ராஜா கால்வாயத் திறந்துவிட்டு ஸ்பானிஷ் குதிரைப்படைய வெள்ளத்துல மடக்கினது இந்த இடத்துலதான். ஊர்த் தெருவும் இன்கா காலத்து அமைப்புதான், ஓரத்துல வாய்க்கால் தண்ணி ஓடிட்டே இருக்கும். ஆனா சந்தைன்னு பாத்தா கேட் வாசல் கடைங்கதான், டூரிஸ்டுக்குன்னே வெச்சது, எனக்கு அதுல ஒண்ணும் ஒட்டல.

மாச்சு பிச்சு ரயில் ஓயந்தாய்தாம்போலேர்ந்து கிளம்பறதால எப்படியும் அங்க போவீங்க, அதனால முடிஞ்சா ஞாயிறு பிசாக், ராத்திரி ஓயந்தாய்தாம்போல தங்கல், மறுநாள் கேட் திறந்ததும் பஸ் கூட்டம் வர்றதுக்குள்ள மேல ஏறிடுங்க. ரெண்டுக்கும் ஒரே டூரிஸ்ட் டிக்கெட் செல்லும், தனித்தனியா வாங்க வேண்டாம், முதல் கேட்ல கிழிச்சுப் போட்டுடாம பத்திரமா வெச்சுக்கங்க.