சுங்கை சிப்புட் குதிரைப் பயிற்சி: காசு கொடுத்துப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். குதிரை மேல் உட்கார்ந்து படம் எடுத்துப் போட நினைப்பவர்களுக்கு இந்த லாயம் ஒத்து வராது, ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். லிந்தாங் சாலையில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது, பலகை சின்னது, மெதுவாகப் போங்கள்.

பயிற்சி தருபவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், ரேஸ் குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ் வேலையை ரொம்பக் காலம் பார்த்தவர், எல்லாருக்கும் மாஸ்டர். அவரிடம் இருப்பவை பெரும்பாலும் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகள். அவற்றைப் பழக்குவது லேசான வேலை இல்லை. வாயில் இருக்கும் இரும்பின் மேல் சாய்ந்து ஓடியே வளர்ந்த குதிரை அது, ஜாக்கி கடிவாள வாரை இறுக்க இறுக்க முன்னால் தள்ளிக்கொண்டு போகும், பயந்துபோய் நாம் இழுத்தால் வேகம்தான் கூடும். அப்படிப்பட்டதை, மூச்சை விட்டு அழுத்தி உட்கார்ந்தாலே நிற்கிற குதிரையாக மாற்றி வைத்திருக்கிறார். நான் ஏறிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

தொடக்கத்தில் வாரையே கையில் தர மாட்டார். நீளக் கயிற்றில் குதிரையை அவர் வட்டமாக நடத்துவார், நாம் இடுப்பில் கை வைத்து விழாமல் உட்காரப் பழக வேண்டும். வாரைப் பிடித்துத் தொங்கினால் குதிரையின் வாய் புண்ணாகும், அப்புறம் மரத்துப்போகும் என்பார். அது சரியாக வந்த பிறகுதான் கால். கெண்டைக்காலால் லேசாக ஒரு அழுத்து. எனக்குக் கொடுத்த செம்பழுப்புப் பெண்குதிரை ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பியது, உடம்பு அசைந்தது, முன்னங்கால் எழும்பியது. அந்தக் கணத்தில் மாஸ்டர் கத்தினார்: "கேட்டுடுச்சு தம்பி, விடு, விடு!" சொன்னது நடந்த உடனே அழுத்தத்தை எடுத்தால்தான் தான் செய்தது சரி என்று குதிரைக்குப் புரியும், அடுத்த முறை அதைவிட லேசாகத் தொட்டாலே போதும். இதற்கு முன் நான் போன வேறொரு இடத்தில் சாட்டையைக் கையில் கொடுத்து "நல்லா உதைங்க" என்றார்கள், உதை வாங்கி வாங்கி அந்தக் குதிரை எதற்குமே அசையாமல் நின்றது. பாவம்.

எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது இன்னொரு விஷயத்தில். ஒரு பெண் சேணத்தைக் கட்டும் வயிற்றுவாரை இறுக்கும்போது குதிரை காதை மடக்கிக் கடிக்க வந்தது. மாஸ்டர் அதட்டவில்லை. சேணத்தைக் கழற்றி முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார், தோளுக்குப் பின்னால் ஒரு இடத்தில் தோல் வெடுக்கென்று துடித்தது. அன்றைக்கு அதன் மேல் யாரையும் ஏற்றவில்லை. முரண்டு பிடிக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் முதுகையும் பல்லையும் பார்க்க வேண்டும் என்கிறார், இதை எல்லாரும் செய்வதில்லை.

பாடம் காலையிலும் சாயந்திரத்திலும் மட்டும்தான். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும், உடம்புச் சூடு இறங்காது, மூச்சு வாங்கும். விலாப்பக்கம் காய்ந்திருந்தால் பாதியிலேயே நிறுத்திவிட்டுத் தண்ணீர் அடிக்கப் போய்விடுவார். காசு போச்சே என்று யாரும் நினைக்க வேண்டாம், மீதி நேரத்தை இன்னொரு நாள் தருகிறார்.

குறை இருக்கிறது. சனிக்கிழமை கூட்டம், காத்திருக்க வேண்டும். மழை பெய்தால் ஓட்டும் இடம் சேறாகிவிடும். தலைக்கவசங்கள் பழசு, அவற்றை மாற்றியே ஆக வேண்டும், அவரிடமே சொல்லிவிட்டேன். போனை எடுக்க மாட்டார், சாயந்திரம் வாட்ஸ்அப் செய்யுங்கள்.

நீளக் கால்சட்டையும் கொஞ்சம் குதிகால் உயர்ந்த மூடிய காலணியும் போட்டுக்கொண்டு போங்கள், குதிகால் இல்லாவிட்டால் பாதம், கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் நழுவி மாட்டிக்கொள்ளும். சிலிப்பரோடு வந்தால் மாஸ்டர் ஏற்ற மாட்டார்.