பீன்யா-சேடா பாரோங்: மதுரை வெயிலுக்குத் தாங்குமா?

பிலிப்பைன்ஸில் டாக்டருக்குப் படித்துவிட்டு வரும் நம்மூர்ப் பிள்ளைகளின் பெட்டியில் பாரோங் தகாலோக் சட்டையை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. முழுக்கை, காலர், நெஞ்சில் எம்பிராய்டரி. உள்ளே இருப்பது தெரியும் அளவுக்கு மெல்லிசு. இன் பண்ணக் கூடாது. அங்கே கல்யாணத்துக்கும் அரசு விழாவுக்கும் இதுதான். அதிபர் மக்சேசே 1953இல் பதவியேற்றதும் பாரோங்கில்தான். நமக்கு வேட்டி சட்டை மாதிரி.

மூன்று துணிகளில் கிடைக்கிறது. வாங்கினால் பீன்யா-சேடா வாங்குங்கள். பாவு (நீளவாக்கு நூல்) பட்டு, ஊடை (குறுக்கு நூல்) அன்னாசி இலை நார். இலையைப் பீங்கான் ஓட்டால் சுரண்டி நாரை உருவி, இழை இழையாகக் கையால் முடிச்சுப் போட்டு நீளமாக்குகிறார்கள். துணியை வெளிச்சத்தில் பிடித்தால் ஊடையில் கடுகைவிடச் சின்ன முடிச்சுகள் தெரியும். குறை என்று நினைத்துவிடாதீர்கள், கைநெசவுக்கு அடையாளமே அதுதான். அக்லான் மாகாணத்தின் இந்த நெசவை 2023இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அன்னாசி நார் மட்டுமே வைத்து நெய்யும் முழு பீன்யா இன்னும் உயர்வு, ஆனால் விலை எட்டாது.

மூன்றாவது ஹூசி. இன்று அந்தப் பெயரில் வருவதில் பெரும்பகுதி இயந்திரத்தில் நெய்த ஆர்கன்சா என்ற மெல்லிய, விறைப்பான துணி. அதிலும் பாலியஸ்டர் நிறைய. உள்மடிப்பில் ஓர் இழை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகும் வாடையோடு பொடியாகும், அன்னாசி நார் காகிதம் போல எரியும், பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். சித்திரை வெயிலில் அந்தப் பாலியஸ்டர் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பீன்யா-சேடா உடம்பை விட்டு விறைப்பாக நிற்பதால் காற்று போகும். உள்ளே கை வைத்த வெள்ளைக் காட்டன் பனியன் போட வேண்டும். கையில்லாத பனியன் என்றால் தோள்பட்டைக் கோடு பளிச்சென்று தெரியும்.

இங்கே கெடுவது பெரும்பாலும் ஆல்டரேஷனில். சட்டை டெய்லரிடம் கொடுக்காதீர்கள். ஆர்கன்சா, பட்டு பிளவுஸ் தைத்துப் பழகியவரிடம் கொடுங்கள். 9ஆம் நம்பர் ஊசி, பொடித் தையல், ஓரம் உள்ளே மறையும் பிரெஞ்ச் சீம். ஓவர்லாக் போட்டால் வெளியே நிழலாகத் தெரியும். விறைப்புக்காக உள்ளே ஃப்யூசிங் என்ற பசைத் துணி ஒட்டினால் பசை ஊறித் திட்டுத் திட்டாக மினுக்கும். பிரித்துப் பெரிதாக்குவதும் நடக்காது, பழைய ஊசித் துளை மறையாது. அதனால் மார்புச் சுற்றளவைவிட 5 அங்குலம் கூடுதலாகவே வாங்குங்கள். இறுக்கமாக இருந்தால் முதலில் அக்குளில் இழை விலகும்.

எம்பிராய்டரியைத் திருப்பிப் பாருங்கள். பிலிப்பைன்ஸின் லும்பான் ஊர்க் கைவேலையில் பின்பக்கமும் மெத்தென்று இருக்கும். கலாடோ என்ற சல்லடை வேலையில் இழைகளை உருவிக் கட்டியிருப்பார்கள். மெஷின் வேலையில் பின்னால் நூல் தடித்துச் சொரசொரக்கும்.

சலவைக்குப் போடும்போது இரண்டைக் கறாராகச் சொல்லிவிடுங்கள்: கஞ்சி வேண்டாம், சொட்டு நீலம் வேண்டாம். கஞ்சி போட்டால் மடிப்பில் நார் ஒடியும், கரப்பானும் அரிக்கும். நீலம் அந்தச் சந்தன வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். வீட்டிலேயே குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு கலந்து அலசி, முறுக்காமல் நிழலில் விரித்து, ஈரம் லேசாக இருக்கும்போதே மேலே வேட்டித் துணி போட்டு மிதமான சூட்டில் தேய்க்கலாம். பிறகு மடித்து வைக்காமல் அட்டைக் குழாயில் சுருட்டி வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் வைத்தால் வியர்வை பட்ட காலர் மஞ்சளாகிவிடும்.