17 வருடமாக ஒரே அலைவரிசை: நியூயார்க் 101.1

2008-ல் நியூஜெர்சிக்கு வேலைக்கு வந்ததும் பழைய கார் ஒன்று வாங்கினேன். ரேடியோவில் முதல் பொத்தானை அழுத்தினால் 101.1. முன்பு வைத்திருந்தவர் பதிந்து வைத்தது. அதற்குப் பிறகு இரண்டு கார் மாறிவிட்டது, முதல் பொத்தானை மட்டும் நான் மாற்றவே இல்லை.

டபிள்யூசிபிஎஸ் எஃப்எம் என்று பெயர். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒலிபரப்பாகும் நிலையம், 1972-ல் பழைய பாடல்களுக்கு மாறியது. அந்தப் பாட்டுகளில் ஒன்றுகூட எனக்கு அப்போது தெரியாது. வேதாரண்யத்தில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவன் நான். கே.எஸ். ராஜாவின் குரல் வந்தால் டீக்கடை வாசலில் சைக்கிளை நிறுத்திவிடுவேன். அதனால் இங்கும் பாட்டைவிட அறிவிப்பாளர்களைத்தான் முதலில் கவனித்தேன். பிராட்வே பில் லீ என்று ஒருவர். முன்னிசை ஓடும்போதே எதுகையாகச் சொற்களை அடுக்கிக்கொண்டே போவார். பாடகர் வாய் திறப்பதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால் சட்டென்று நிறுத்துவார். ஒரு சொல்கூடப் பாட்டின் மேல் விழாது. பார்க்வே நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்து போகும் மாலைகளில் அதற்காகவே காத்திருப்பேன்.

ஊரையும் இந்த நிலையம்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பாடகர் ஃபிராங்கி வாலி நூவர்க்கில் பிறந்தவர், பாடகர் ஸ்பிரிங்ஸ்டீன் ஃப்ரீஹோல்டில் வளர்ந்தவர், பெல்மான்ட்ஸ் பாடகர் குழுவின் பெயர் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் இருக்கும் ஒரு தெருவின் பெயர். நெடுஞ்சாலைப் பலகையில் வெறும் எழுத்தாக இருந்த ஊர்களுக்கு ஒவ்வொன்றாகக் குரல் கிடைத்தது.

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கையில் பிராங்ஸ்காரர் ஒருவர் இருந்தார், என்னைவிட இருபது வயது மூத்தவர். அவர்தான் 2005 கதையைச் சொன்னார். அந்த வருடம் ஜூன் 3 மாலை, முன்னறிவிப்பே இல்லாமல் பழைய பாடல்களை நிறுத்திவிட்டு 'ஜாக்' என்ற வடிவத்துக்கு மாற்றிவிட்டார்கள். அறிவிப்பாளர்களே கிடையாது. கலவையாகப் பாட்டு, நடுநடுவே பதிவு செய்த ஒரு குரல். வேறு ஊர்களில் எடுபட்ட சரக்கு அது. "வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தது" என்றார். நியூயார்க் அதை ஏற்கவில்லை. 2007 ஜூலை 12 மதியம் 1.01-க்குப் பழைய வடிவம் திரும்பி வந்தது.

அறிவிப்பாளர் ஊரில் இல்லாத வானொலிக்குப் பின்னால் ஒரு சட்டமும் உண்டு. 1996 வரை அமெரிக்காவில் ஒரு நிறுவனம் நாடு முழுக்க 40 வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த வருடச் சட்டம் தேசிய உச்சவரம்பை நீக்கியது. சில ஆண்டுகளிலேயே ஒரே நிறுவனத்தின் கையில் 1,200-க்கும் மேல் போனது. அப்புறம் எங்கோ உட்கார்ந்து ஒருவர் பல ஊர்களுக்கும் சேர்த்து முன்கூட்டியே பேசிப் பதிவு செய்யும் வழக்கம் பெருகியது. பென்சில்வேனியாவில் ஒரு மார்ச் மாதம் நானே இதை அனுபவித்தேன். கண்ணாடி துடைப்பான் நகர முடியாத அளவுக்குப் பனி. பாதை திறந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் ரேடியோவைத் திருப்பினேன். உள்ளூர் நிலையத்தில் ஒரு பெண் உற்சாகமாக "இதமான மாலை, வெளியே போய் அனுபவியுங்கள்" என்கிறார். பயமாக இருந்தது. அந்த ஊரில் அப்போது ஒலிவாங்கி முன்னால் யாருமே இல்லை என்று புரிந்தது.

பெரிய நிறுவனம் என்பதாலேயே கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். 101.1-ம் ஒருநாளும் பெட்டிக்கடையாக இருந்ததில்லை, பிறந்ததே சிபிஎஸ் என்ற பெரிய ஒலிபரப்பு நிறுவனத்தின் வீட்டில். பேசுகிறவர் நம்மோடு அதே மழையில் நனைகிறாரா என்பதுதான் எனக்கு முக்கியம்.

வருத்தமும் உண்டு. விளம்பரதாரர்கள் 25 முதல் 54 வயதுக்காரர்களைத் தேடுவதால், நாடு முழுக்க இந்த வகை நிலையங்களில் அறுபதுகளின் பாட்டு அருகிவிட்டது. பிராங்ஸ் பெரியவர் ஓய்வு பெற்றபின் ஏஎம் அலைவரிசை 770-க்குப் போய்விட்டார். 2005 மாற்றத்தில் 101.1-லிருந்து வெளியேறிய அறிவிப்பாளர் கசின் புரூசி 2020-ல் அங்கேதான் திரும்பினார். அறுபதுகளில் அவர் கொடிகட்டிப் பறந்த நிலையம் அது.

நான் இன்னும் 101.1-ல்தான். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் தெற்கே போனால் ட்ரென்டன் பக்கம் அலை மங்கும். அதே எண்ணில் ஃபிலடெல்ஃபியாவின் நிலையம் மெல்ல மேலே ஏறும். இன்று இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. கொஞ்ச தூரத்துக்கு இரண்டு பாட்டும் கலந்து கரகரக்கும். நியூயார்க்கின் ஹாலண்ட் சுரங்கப்பாதை நெரிசலைச் சொல்லிக்கொண்டிருந்த குரல் அமுங்கி, ஃபிலடெல்ஃபியாவின் ஸ்கூல்கில் விரைவுச்சாலை நிலவரம் தெளிவாகக் கேட்க ஆரம்பிக்கும். அப்போதுதான் அடுத்த ஊர் வந்துவிட்டது என்று எனக்கு உறைக்கும்.