ஆறு பேர் வகுப்பு என்றால் போதுமா? உட்லண்ட்ஸில் மகள் போகும் கணித டியூஷன் பற்றி

மகள் தொடக்கநிலை 4. சென்ற ஆண்டின் நடுவிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்குக்கு அருகே, கடைவீட்டு வரிசையின் இரண்டாம் மாடியில் இருக்கும் ஒரு சிறிய நிலையத்துக்குக் கணித டியூஷன் போகிறாள். நல்ல இடம். அதாவது வகுப்பு நல்ல வகுப்பு, ஆசிரியர் மிக நல்ல ஆசிரியர், நிர்வாகம் சுமார். நிலையத்தின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் குறைகளும் சொல்லப் போகிறேன், பெரும்பாலும் ஒரே ஆசிரியரை நம்பி ஓடும் இடம் அது. பெயரைவிட, உங்கள் வட்டாரத்தில் இப்படி ஒரு வகுப்பைத் தேடும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

முதலில் காசு. மாதம் 4 வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், 240 வெள்ளி. சேரும்போது ஒரு மாதக் கட்டணம் முன்பணம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாள்களுக்கு 40 வெள்ளி. ஒரு வகுப்பில் அதிகபட்சம் 6 பேர். ட்ரையல் வகுப்பு 25 வெள்ளி, சேர்ந்தால் அதைக் கழித்துக்கொள்கிறார்கள். வட்டாரத்தில் நாங்கள் விசாரித்த இடங்களோடு பார்த்தால் இது நடுத்தரம்.

டியூஷன் எதற்கு என்று கேட்கும் உறவினர்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. பள்ளியை நான் குறை சொல்லவில்லை. தொடக்கநிலை 1, 2இல் வகுப்புக்கு 30 பிள்ளைகள், அதற்கு மேல் 40 வரை. அந்த 40 பேரில் ஒவ்வொருவரும் ஒரு கணக்கை எப்படி யோசித்தார்கள் என்று நின்று பார்க்க எந்த ஆசிரியரால் முடியும்? அப்புறம், 2019லிருந்து முதல் இரண்டு வகுப்புகளுக்கு மதிப்பெண் தேர்வே இல்லை. பிள்ளைகளுக்கு அது நல்லது என்றுதான் இன்றும் நினைக்கிறேன், ஆனால் பெற்றோருக்குப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிவதே தொடக்கநிலை 3இல்தான். அந்த ஆண்டுதான் 6, 7, 8, 9 வாய்ப்பாடும் பிராப்ளம் சம்ஸ் எனும் நீளமான வாக்கியக் கணக்குகளும் சேர்ந்து வருகின்றன. என் மகள் கூட்டல் கழித்தலில் தவறே செய்ய மாட்டாள். நான்கு வரிக் கணக்கு ஒன்றைக் கொடுத்தால் அதில் உள்ள எண்களை எல்லாம் எடுத்துக் கூட்டிவிடுவாள், கேள்வி என்ன கேட்கிறது என்று பார்க்கவே மாட்டாள்.

இதற்கு முன்பு ஒரு பெரிய டியூஷன் நிறுவனத்தின் கிளையில் சேர்த்திருந்தோம். அதுவும் ‘சிறு குழு’தான், எட்டுப் பேர். அழகான அறை, வண்ணத்தில் அச்சடித்த புத்தகம், ஒவ்வொரு வாரமும் கைபேசிக்கு அறிக்கை. ஆசிரியர் பலகையில் கணக்கைப் போடுவார், பிள்ளைகள் பச்சைப் பேனாவில் எழுதிக்கொள்வார்கள், அடுத்த கணக்கு. வீட்டுக்கு வரும் தாளில் எல்லா விடையும் சரியாக இருக்கும். இது எப்படி வந்தது என்று கேட்டால் மகள், ‘டீச்சர் அப்படித்தான் போட்டார்’ என்பாள். அப்படி நடத்துவதற்கு எட்டுப் பேர் எதற்கு, எண்பது பேரை உட்கார வைத்தும் நடத்தலாமே. இதைத்தான் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை என்று நினைக்கிறேன். குழு சிறியது என்பதற்காக நாம் கூடுதல் பணம் கொடுக்கிறோம், ஆனால் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் தாளையும் அது எழுதும்போதே பார்த்தால்தான் அந்தப் பணத்துக்கு அர்த்தம்.

இப்போது போகும் இடத்தில் அது நடக்கிறது. ஆசிரியர் முன்பு தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தவர். ‘முன்னாள் எம்ஓஇ (கல்வி அமைச்சு) ஆசிரியர்’, ‘என்ஐஇ (தேசிய கல்விக் கழகம்) பயிற்சி பெற்றவர்’ என்று எல்லா நிலையங்களும்தான் சுவரொட்டி ஒட்டுகின்றன, அதை வைத்து மட்டும் நான் முடிவு செய்ய மாட்டேன். ட்ரையல் அன்று கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்ததுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், ஆசிரியரும் அவர்களோடு ஒரு சிறிய நாற்காலியில். பலகையில் கேள்வி மட்டும் இருந்தது. முதல் பத்து நிமிடம் யாரும் விடை எழுதக் கூடாது, கணக்கில் உள்ள அளவுகளைப் பட்டைகளாக வைத்துப் படம் மட்டும் போட வேண்டும். அவர் ஒவ்வொருவரின் தாளாகக் குனிந்து பார்த்து, ‘இந்தப் பட்டை ஏன் நீளமாக இருக்கிறது?’ என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தார். யாருக்கும் சரி, தவறு என்று சொல்லவில்லை.

2021 பிஎஸ்எல்இயில், அதாவது தொடக்கநிலை 6 முடிவில் எழுதும் தேசியத் தேர்வில், வந்து ஊரே பேசிய ஹெலன், ஐவன் கணக்கு நினைவிருக்கிறதா? அதன் முதல் பகுதியைச் சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடக்கநிலை 4 பிள்ளைகளிடமே கொடுத்திருக்கிறார். இரண்டு பேரிடமும் ஒரே எண்ணிக்கையில் நாணயங்கள். ஹெலனிடம் சில 50 காசும் 64 இருபது காசும். ஐவனிடம் சில 50 காசும் 104 இருபது காசும். யாரிடம் அதிகப் பணம், எவ்வளவு அதிகம்? மகள் உட்பட மூன்று பேர் உடனே ஐவன் என்றார்களாம், 104 பெரிய எண் அல்லவா. ஆசிரியர் தவறு என்று சொல்லாமல் ஒரு டப்பா நிறைய உண்மையான நாணயங்களை மேசையில் கொட்டி, சின்னதாக ஆரம்பித்திருக்கிறார். உனக்கு 10 நாணயம், அவனுக்கும் 10 நாணயம், உன்னிடம் 20 காசு இரண்டு, அவனிடம் ஆறு, இப்போது யாரிடம் பணம் அதிகம்? பிள்ளைகள் எண்ணிப் பார்த்துவிட்டு, 20 காசு குறைவாக வைத்திருப்பவனிடம் 50 காசு கூடுதலாக இருக்கத்தான் வேண்டும் என்று அவர்களே பிடித்துவிட்டார்கள். அப்புறம் ஒரே நீளத்தில் இரண்டு பட்டை. ஐவனிடம் 20 காசு 40 அதிகம், அப்படியானால் ஹெலனிடம் 50 காசு 40 அதிகம். ஒவ்வொன்றுக்கும் 30 காசு வித்தியாசம், 40 முறை, ஆகவே ஹெலனிடம் 12 வெள்ளி அதிகம். நாணயங்களின் எடை கேட்கும் இரண்டாம் பகுதியை, அது உங்களுக்கு அடுத்த ஆண்டு என்று சொல்லி விட்டுவிட்டார். அன்று இரவு மகள் சாப்பாட்டு மேசையில் தன் அப்பாவை உட்கார வைத்து, உண்டியல் காசை வைத்து முழுக் கணக்கையும் சொல்லிக் கொடுத்தாள். அவள் ஒரு கணக்கை வாயால் விளக்கி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

அந்த வகுப்பில் ஒரு விதி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. விடை வந்ததும் கையைத் தூக்க முடியாது, பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அதை விளக்கி, அந்தப் பிள்ளை ஒப்புக்கொண்ட பிறகுதான் ஆசிரியரிடம் வரலாம். பள்ளியில் 40 பேரை வைத்துக்கொண்டு எப்போதும் இதைச் செய்ய முடியாது, ஒற்றை ஆளுக்கு வீட்டில் வந்து எடுக்கும் டியூஷனில் விளக்கிச் சொல்லப் பக்கத்தில் இன்னொரு பிள்ளையே இல்லை. நாலைந்து பேர் இருந்தால் மட்டுமே நடக்கிற காரியம். கூச்ச சுபாவம் உள்ள என் மகளுக்கு ஆரம்பத்தில் கஷ்டமாகத்தான் இருந்தது, ஒரு பள்ளித் தவணை முழுக்க முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே வந்த பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நமக்கு இப்படிப்பட்ட கணக்கைப் பார்த்ததும் ‘எக்ஸ் என்று வைத்துக்கொள்’ என்றுதான் வரும். இங்கே அல்ஜீப்ரா தொடக்கநிலை 6இல்தான் ஆரம்பிக்கிறது. அதுவரை பிள்ளைகள் பட்டை வரைந்துதான் யோசிக்கிறார்கள். இந்த மாடல் முறை 1980களில் இங்கேயே, கோ டெக் ஹோங் தலைமையில் கல்வி அமைச்சின் பாடத்திட்டக் குழு உருவாக்கியது. முதலில் கையால் தொட்டுப் பார், அப்புறம் படமாகப் போடு, கடைசியில் எண்ணாக எழுது என்ற வரிசை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனரின் கருத்திலிருந்து வந்தது. நாணயத்தைக் கொட்டியது வேடிக்கைக்காக அல்ல, அந்த வரிசையின் முதல் படி அது. இந்த நிலையத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு சனிக்கிழமை மாலை பெற்றோருக்கு மாடல் போடக் கற்றுக்கொடுக்கிறார்கள், கட்டணம் இல்லை. என் கணவர் பொறியாளர், அவரும் பென்சிலோடு உட்கார்ந்து போட்டார். அதற்குப் பிறகு வீட்டில் அவர் ஒரு முறையும் டீச்சர் ஒரு முறையும் சொல்லி மகள் நடுவில் குழம்புவது நின்றது.

சரி, குறைகள்.

வகுப்பைத் தவறவிட்டால் பணம் திரும்பாது, அது எல்லா இடத்திலும் அப்படித்தான். ஆனால் மாற்று வகுப்பு வேண்டுமென்றால் வேறொரு குழுவில் இடம் காலியாக இருக்க வேண்டும், பெரும்பாலும் இருப்பதில்லை. மகளுக்குக் கை கால் வாய் நோய் வந்தபோது அவளை அனுப்பவும் முடியாது, மாற்று நேரமும் கிடைக்கவில்லை, தாள்களை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு ‘முடித்தாயிற்று’ என்று கணக்கெழுதிவிட்டார்கள். நோய்க்காவது ஒரு விலக்கு வைக்கலாம்.

ஜூன் விடுமுறை ‘தீவிர வகுப்பு’ என்று நான்கு நாளுக்கு 320 வெள்ளி வாங்கினார்கள். அதை எடுத்தது வேறு ஆசிரியர், குழுவில் பதினோரு பேர். சிறு குழு என்ற பெயரில் வாங்கும் காசுக்கு இது நியாயமே இல்லை, முன்கூட்டியே சொல்லவும் இல்லை. அதைவிடக் கோபம் வந்தது தாள்களைப் பார்த்தபோது. ஏதோ பழைய பள்ளித் தேர்வுத்தாள்களின் நகல்கள், ஒன்றில்கூட பை சார்ட் (வட்ட விளக்கப்படம்) இல்லை. 2021இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பை சார்ட் தொடக்கநிலை 4க்கு வந்துவிட்டது, அதே பாடத்திட்டத்தில் வேகம் தொடக்கநிலை 6இலிருந்து உயர்நிலை 1க்குப் போய்விட்டது. தொடக்கநிலை 6 பிள்ளைகள் வைத்திருக்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். டியூஷனில் கொடுக்கும் தாளில் கார் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்ற கணக்குகள் குவிந்திருந்தால், அந்தத் தாளை யாரும் புதிய பாடத்திட்டத்துக்கு ஏற்ப மாற்றவில்லை. நான் கேட்டபோது ‘கூடுதல் பயிற்சி’ என்றார்கள். வாராந்திர வகுப்புத் தாள்களை ஆசிரியர் அவரே தயாரிக்கிறார், அவற்றில் இந்தக் குறை இல்லை.

இன்னொன்று, குழுவில் யார் இருக்கிறார்கள் என்பது அதிர்ஷ்டம். எங்கள் குழுவில் ஒரு பையன் எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவான், நடுவில் சேர்ந்த இரண்டு பிள்ளைகளுக்கு வாய்ப்பாடே சரியாக வராது. சில வாரங்கள் வகுப்பு இழுவையாக இருந்தது, நடுவில் இருக்கும் என் மகள் போன்றவர்கள் காத்திருந்தார்கள். அப்புறம் ஆசிரியர் தனித்தனித் தாள் கொடுத்துச் சமாளித்தார், ஆனால் நிலையம் சேர்க்கும் முன்பே ஒரு சிறிய சோதனை வைத்துப் பிரித்திருக்கலாம். வாய்ப்பாடு, மனக்கணக்கு இரண்டுக்கும் இங்கே நேரம் ஒதுக்குவதில்லை. அதை வீட்டில்தான் செய்ய வேண்டும். பிஎஸ்எல்இயில் முதல் தாளுக்குக் கால்குலேட்டர் கிடையாது, ஆகவே விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை. பாப்புலர் புத்தகக் கடையில் ஒரு அசெஸ்மென்ட் (பயிற்சி) புத்தகம் வாங்கி, காலையில் பேருந்து நிறுத்தத்தில் வாய்ப்பாடு கேட்டு, அது எங்கள் பாடு.

யாருக்கு இது சரிவரும்? அடிப்படை இருந்தும் பிராப்ளம் சம்ஸில் திணறும் பிள்ளைக்கு இப்படி ஒரு குழு நிச்சயம் உதவும். அடிப்படையே ஆடிக்கொண்டிருந்தால் முதலில் பள்ளியில் கேளுங்கள், கணிதத்துக்குக் கற்றல் ஆதரவுத் திட்டம் பள்ளிகளில் இருக்கிறது, அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. 240 வெள்ளி பாரமாக இருக்கும் குடும்பங்கள் சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) ஸ்டெப் துணைப்பாட வகுப்புகளைப் பாருங்கள், கட்டணம் மிகக் குறைவு. சிண்டா நிதிக்கு மாதாமாதம் நம் சம்பளத்தில்தானே பிடிக்கிறார்கள், தயங்குவதற்கு ஒன்றுமில்லை. என் தோழியின் மகன் அங்கேதான் படித்தான், நன்றாக வந்தான்.

ட்ரையலுக்குப் போகும்போது அறையைப் பார்க்காதீர்கள். வகுப்பு முடிந்ததும் பிள்ளையின் தாளை வாங்கிப் பாருங்கள். அடித்துத் திருத்திய கோடுகள், பாதியில் விட்ட படம், ஓரத்தில் ஆசிரியர் எழுதிய கேள்வி எல்லாம் இருந்தால் நல்லது. பலகையிலிருந்து பார்த்து எழுதிய சுத்தமான விடைகள் மட்டும் இருந்தால் வேறு இடம் பாருங்கள். விடுமுறை வகுப்புக்கும் இதே ஆசிரியர்தானா, குழுவில் எத்தனை பேர் என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 10 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிலையம் கல்வி அமைச்சிடம் பதிவு செய்திருக்க வேண்டும், அதையும் கேளுங்கள், பதிவு செய்தவர்கள் தயங்காமல் காட்டுவார்கள்.

தொடக்கநிலை 5க்குக் கட்டணம் 280 வெள்ளி என்கிறார்கள். இதே ஆசிரியர் எடுத்தால் தொடர்வோம். வேறு ஒருவர் என்றால் மறுபடியும் ட்ரையல் கேட்போம், 25 வெள்ளி போனாலும் பரவாயில்லை. ஜூன் வகுப்புக்கு மட்டும் இனி அனுப்பப் போவதில்லை.